தூளி அறுந்த கால்: ரஃபியனும் மேலூர்ப் பக்கத்துக் குதிரை ஒன்றும்

லாடம் அடிக்கும் பெரியவர் எப்போதும் புறங்கையைத்தான் குதிரையின் காலில் வைப்பார். ஐம்பது வருடம் இரும்பைப் பிடித்த உள்ளங்கை காய்ப்பேறிக் கிடக்கும். அதற்குச் சூடு தெரியாது. 2012ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு நாள் காலை, மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், குதிரை வண்டி எல்கைப் பந்தயம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. கருப்பாயி என்ற ஒன்பது வயதுப் பெண் குதிரையின் வலது முன்னங்காலில், கணுவுக்குப் பின்புறம், அவர் புறங்கையை வைத்தார். சற்று நேரம் எடுக்கவே இல்லை. பிறகு இடது கணுவில் வைத்தார். மறுபடி வலதுக்கு வந்தார்.

“கால் கொதிக்கிறது அய்யா. இன்றைக்கு வண்டி கட்ட வேண்டாம்” என்றார்.

குதிரையின் சொந்தக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கால்நடை மருத்துவன். களத்து மேட்டில் கருப்பாயியை நடக்க விட்டேன். பிறகு மெல்ல ஓட விட்டேன். முன்னங்கால் நோகும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கும். இவள் தூக்கவில்லை. வெயிலில் கட்டிக் கிடந்த சூடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காலில் மட்டும் வெயில் அடிக்குமா என்று யோசிக்கவில்லை. “நொண்டல் இல்லை. ஓட்டலாம்” என்றேன்.

அந்த மூன்று சொற்களுக்காகத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

போய்வர எட்டு மைல். எல்கையைச் சுற்றித் திரும்பும்போது கருப்பாயிதான் முன்னால் இருந்தாள். ஊருக்கு ஒன்றரை மைல் இருக்கையில், ஒரு சிறிய பாலத்தை ஒட்டி, காய்ந்த விறகை ஒடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டதாகச் சாரதி சொன்னான். லகானை முழுப் பலத்தோடு இழுத்திருக்கிறான். அவள் நிற்கவில்லை. வலது காலைத் தரையில் ஊன்றியும் ஊன்றாமலும் இரண்டு மின்கம்பத் தூரம் ஓடியிருக்கிறாள். நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது சாலையோரப் புளிய மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மூக்கு விடைத்திருந்தது. காது இரண்டும் முன்னால் போய்விட்ட வண்டிகளின் பக்கம் திரும்பியிருந்தன.

சாரதி சொன்னதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். 1975 ஜூலை 6 அன்று, நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் திடலில், ஜசின்டோ வாஸ்குவெஸ் என்ற ஜாக்கியும் தன் குதிரையின் கால் ஒடியும் சத்தத்தைக் கேட்டார். அவரும் இழுத்துப் பிடித்தார். அந்தக் குதிரையும் நிற்கவில்லை. அதன் பெயர் ரஃபியன். கருப்பாயி பிழைத்தாள், ரஃபியன் பிழைக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்குகின்றன.

பத்துக்குப் பத்து

ரஃபியன் 1972 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிளெய்போர்ன் பண்ணையில் பிறந்தவள். தந்தை ரிவியூவர், தாய் ஷெனானிகன்ஸ், புகழ்பெற்ற நேட்டிவ் டான்சரின் மகள். உடைமையாளர்கள் ஸ்டுவர்ட் ஜானி, பார்பரா ஜானி தம்பதி. பழக்கியவர் ஃபிராங்க் வைட்லி. கறுப்பென்றே சொல்லத்தக்க அடர் நிறம். வயதுக்கு மீறிய உயரம், அகன்ற மார்பு.

1974 மே 22 அன்று பெல்மான்டில் முதல் ஓட்டம். ஐந்தரை ஃபர்லாங், அதாவது சுமார் 1,100 மீட்டர். 1 நிமிடம் 3 விநாடியில் ஓடி, அந்தத் திடலின் சாதனை நேரத்தைச் சமன் செய்தாள். பந்தயத்தில் வெற்றியின் இடைவெளியைக் குதிரை நீளத்தில் சொல்வார்கள். ஒரு நீளம் ஏறக்குறைய எட்டடி. அன்று அவள் வென்றது 15 நீளத்தில். இரண்டாவதாக வந்த குதிரைக்கும் அவளுக்கும் நடுவே 120 அடி இருந்தது. மாசி வீதியில் ஒரு தேரை வடத்தோடு நிறுத்துகிற இடம் அது. இரண்டு வயதுக் குட்டி, முதல் தடவையாகக் கூட்டத்தைப் பார்க்கிற குட்டி, இப்படி ஓடியது.

அதே 1974இல்தான் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் வந்தது. அது சூதாட்டமா, திறமையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பானது. நீதிமன்றங்களில் பேசப்பட்டது பெரும்பாலும் பணத்தைப் பற்றி. என் கவலை கால்களைப் பற்றி.

முதல் வெற்றிக்குப் பிறகு ஃபேஷன், அஸ்டோரியா, சொராரிட்டி, ஸ்பினவே என்று நான்கு கோப்பைகள். இவற்றில் சொராரிட்டியில் மட்டும் ஹாட் அண்ட் நேஸ்டி என்ற குதிரை அவளை நெருக்கிப் பிடித்தது. அப்படியும் இரண்டேகால் நீளத்தில் வென்றாள். ஆகஸ்டில் சரடோகாவில் நடந்த ஸ்பினவே பந்தயத்தில் 1,200 மீட்டரை 1 நிமிடம் 8.6 விநாடியில் முடித்தாள். அதற்குப் பிறகு வலது பின்னங்காலின் குளம்புக்கு மேல் உள்ள எலும்பில் மயிரிழை விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு மீதிப் பந்தயங்களில் அவள் ஓடவில்லை. ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த இரண்டு வயதுப் பெண் குதிரை அவளே.

அந்த விரிசலை உரிய நேரத்தில் பார்த்து, எட்டு மாதத்துக்கு அருகில் ஓய்வு கொடுத்ததை நான் மதிக்கிறேன். வைட்லி அவசரக்காரர் இல்லை. 1975 ஏப்ரலில் திரும்பி வந்தவள் மறுபடியும் வென்றாள். மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கான மும்முடி எனப்படும் ஏக்கார்ன், மதர் கூஸ், கோச்சிங் கிளப் அமெரிக்கன் ஓக்ஸ் மூன்றையும் எடுத்தாள். மதர் கூஸில் 13½ நீளம். ஓக்ஸ் 2,400 மீட்டர். வேகக் குதிரை தூரம் தாங்காது என்று பேசியவர்களுக்கு அங்கே பதில் கிடைத்தது. பத்து ஓட்டம், பத்து வெற்றி. அவற்றில் எட்டு கோப்பைப் பந்தயங்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கோப்பைக்குரிய சாதனை நேரத்தைத் தொட்டாள் அல்லது முறித்தாள்.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்திவைக்கிற இடம் வேறு. பத்துப் பந்தயங்களிலும், தூரத்தை அளந்து குறிக்கும் ஒவ்வொரு கம்பத்திலும், முன்னால் இருந்தது அவள்தான். இன்னொரு குதிரையின் பின்புறத்தைப் பார்த்து ஓடிப் பழக்கமே அவளுக்கு இல்லை.

அவளும் அவனும்

அந்த ஆண்டு மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களை மூன்று வெவ்வேறு ஆண் குதிரைகள் வென்றிருந்தன. கென்டக்கி டெர்பியை வென்றது ஃபூலிஷ் பிளெஷர். முதலில் மூன்று வெற்றியாளரையும் ஒன்றாக ஓட விடலாம் என்று பேச்சு எழுந்தது. ரஃபியனின் வெற்றிகளைப் பார்த்த பிறகு அது ரஃபியனும் ஃபூலிஷ் பிளெஷரும் மட்டும் ஓடும், ஆணுக்கும் பெண்ணுக்குமான போட்டியாக உருமாறியது. 1973இல் டென்னிஸ் திடலில் வீராங்கனை பில்லி ஜீன் கிங் முன்னாள் ஆண் வீரர் பாபி ரிக்ஸைத் தோற்கடித்த நினைவு நாட்டில் இன்னும் சூடாக இருந்தது. பார்வையாளர்கள் “அவள்”, “அவன்” என்று எழுதிய வில்லைகளைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். திடலில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல். தொலைக்காட்சியில் கோடிக்கும் மேலானவர்கள். வாஸ்குவெஸ் இரண்டு குதிரைகளிலும் வழக்கமாக ஏறுபவர். ரஃபியனைத் தேர்ந்தெடுத்தார். மற்றதில் பிரவுலியோ பைசா ஏறினார்.

இருவர் பந்தயம் என்பது தனி வகை. பத்துக் குதிரை ஓடும்போது ஒரு ஜாக்கி தன் குதிரையைப் பின்னால் தங்கவிட்டு, மூச்சைச் சேமித்து, கடைசி வளைவில் விடலாம். இரண்டே குதிரை என்றால் கதவு திறந்த நொடியிலிருந்தே மற்றதை முன்னே போக விட முடியாது. எங்கள் எல்கைப் பந்தயத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன்: ஏழெட்டு வண்டி போகும்போது ஓடும் ஓட்டம் வேறு, பகை வைத்த இரண்டு ஊர் வண்டிகள் ஒட்டிக்கொண்டு போகும் ஓட்டம் வேறு. சாரதி விட்டாலும் குதிரை விடாது.

புறப்படும் கதவில் ரஃபியனின் தோள் இடித்தது. உடனே சுதாரித்து ஓடினாள். முதல் கால் மைல் 22.2 விநாடி. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம். முன்னால் இருந்தது அவள்தான், ஆனால் ஒரு மூக்கு அளவில். கழுத்தோடு கழுத்தாக ஒருவன் ஓடிவர, அவள் இன்னும் கொடுத்தாள். அரை மைலை எட்டும் முன்பு, அரைக் குதிரை நீளம் முந்தியிருந்தபோது, வலது முன்னங்கால் போய்விட்டது. ஃபூலிஷ் பிளெஷர் தனியே ஓடி எல்லையைக் கடந்தது.

எள்ளின் பெயர் கொண்ட எலும்பு

குதிரையின் முன்னங்கால் கணுவுக்குப் பின்னால் இரண்டு சிறிய எலும்புகள் இருக்கின்றன. கொட்டைப்பாக்கைவிடச் சற்றே பெரியவை. எள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவற்றுக்குச் செசமாய்டு என்று பெயர். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசையே கிடையாது. எலும்பு, நார், தோல், அவ்வளவுதான். மேலிருந்து ஒரு வலுவான நார் இறங்கி இந்த இரண்டு எலும்புகளையும் பற்றிக்கொள்கிறது. அவற்றின் அடியிலிருந்து வேறு நார்கள் புறப்பட்டுக் குளம்புப் பக்கம் போகின்றன. குழந்தையைத் தாங்கும் தூளிபோல இந்த அமைப்பு கணுவைத் தாங்குகிறது. பாய்ச்சலில் ஒரு கால் மட்டும் தரையில் இருக்கும் கணத்தில் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு அந்தத் தூளியில் விழும். அப்போது கணு ஏறக்குறைய மண்ணைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, மறுபடி எழும். அந்த எழுச்சியில்தான் வேகம் இருக்கிறது.

ரஃபியனுக்கு இரண்டு எலும்புகளும் நொறுங்கின. தூளியின் இரண்டு கயிறும் அறுந்தன. வாஸ்குவெஸ் இழுத்தும் நிற்காமல் அவள் ஊன்றிய ஒவ்வொரு அடியிலும் கணு நேரே மண்ணில் மோதியது. தோல் கிழிந்தது, நார்கள் பிய்ந்தன, திடலின் மணல் காயத்துக்குள் புகுந்தது. எலும்பு முறிவோடு போயிருக்க வேண்டியது, அந்தச் சில அடிகளில் ரத்த ஓட்டமும் குலைந்து, அழுக்கும் ஏறிய திறந்த முறிவாக மாறியது. மருத்துவனாக நான் சொல்வேன்: அவளைக் கொன்றதில் பாதி அந்த முதல் முறிவு, மீதிப் பாதி அதற்குப் பிந்தைய அடிகள்.

சிலர் 1974இன் விரிசலையும் இதையும் முடிச்சுப் போடுகிறார்கள். அது பின்னங்கால், இது முன்னங்கால். நேராகக் கோடு இழுக்க முடியாது. தந்தை ரிவியூவரும் பலமுறை எலும்பு முறிந்த குதிரை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. இவற்றைவிடப் பயனுள்ள பாடம் பின்னால் வந்தது. 1990 முதல் கலிஃபோர்னியாவில் பந்தயத் திடல்களில் சாகும் குதிரைகளுக்கெல்லாம் பிணப் பரிசோதனை செய்கிறார்கள். திடீரென ஒடிந்ததாகத் தோன்றும் எலும்புகளில் பெரும்பாலானவற்றில், ஒடிந்த இடத்திலேயே, முன்கூட்டியே உண்டான தேய்வும் நுண்ணிய சிதைவும் இருந்ததை அதில் கண்டார்கள். எலும்பு பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நொண்டல் என்பது அது கத்துகிற கட்டம். அதற்கு முன்னால் சூடு, லேசான வீக்கம், தொட்டால் தோல் சிலிர்ப்பது என்று மெல்லிய பேச்சு இருக்கிறது.

பெரியவரின் புறங்கைக்குக் கேட்டது அதுதான். நான் கத்தலுக்காகக் காத்திருந்தேன்.

விழிக்கும் நேரம்

ரஃபியனுக்கு அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு கால்நடை மருத்துவர்கள், மனித எலும்பு மருத்துவர் ஒருவர், மூன்று மணி நேரம். காயத்தைக் கழுவி, கணுவைச் சேர்த்து, கனமான கட்டுப் போட்டார்கள். அறுவை முடியும்வரை நம்பிக்கை இருந்தது. மயக்கம் தெளியும்போதுதான் எல்லாம் கைவிட்டுப் போனது. பஞ்சு வைத்த அறையின் தரையில் படுத்தபடியே அவள் நான்கு கால்களையும் உதைத்தாள், இன்னும் பந்தயத்தில் ஓடுவதுபோல. பிடித்தவர்களால் அடக்க முடியவில்லை. கட்டுப் போட்ட கால் தன் முழங்கை மூட்டிலேயே மோதி மோதி அதையும் உடைத்தது. கட்டு நழுவி, தைத்த காயம் திறந்துகொண்டது. ஜூலை 7 அதிகாலையில் அவளுக்கு விடுதலை ஊசி போட்டார்கள். பெல்மான்ட் திடலின் நடுவே, கொடிமரத்தருகில், மூக்கு முடிவுக்கோட்டைப் பார்த்திருக்கும்படி புதைத்தார்கள். பின்னர் 2023இல் அவள் எச்சங்கள் பிறந்த பண்ணைக்கே கொண்டுபோகப்பட்டன.

குதிரை ஓடித் தப்பிக்கும் விலங்கு. கண் விழித்ததும், எழுந்து நிற்க முடியவில்லை என்றால், அதற்குத் தெரிந்த ஒரே வழி உதைத்து எழுவது. அதனால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் குதிரையை ரப்பர் மிதவைக்குள் வைத்து, வெதுவெதுப்பான நீர்க்குளத்தில் இறக்கி விழிக்க விடுகிறார்கள். தண்ணீரில் உதைத்தால் எதிலும் மோதாது. 2006இல் பார்பரோ என்ற டெர்பி வெற்றிக் குதிரை கால் நொறுங்கி அங்கே வந்து, அந்தக் குளத்தில்தான் பத்திரமாக விழித்தது. எட்டு மாதம் போராடி 2007 ஜனவரியில் அதுவும் இறந்தது. உடைந்த எலும்பால் அல்ல. எடையைச் சுமந்த நல்ல கால்களில் குளம்பின் உள்தகடு அழன்று பிரிந்ததால். குதிரைக்கு மூன்று காலில் நெடுநாள் நிற்க உடல் இடம் தராது.

தோப்பில் ஐந்து மாதம்

புளிய மரத்தடிக்கு வருகிறேன். கருப்பாயியும் பந்தயத் திடலில் பிறந்து வளர்ந்த வம்சம்தான். ஓட்டம் முடிந்து கழித்துவிடப்பட்ட ரேஸ் குதிரையைத் தரகர் மூலம் வாங்கி வந்திருந்தார்கள். தோல் கிழியவில்லை. கணு தாழ்ந்திருந்தது, ஆனால் தரையைத் தொடவில்லை. தூளியின் ஒரு கயிறாவது மிச்சம் இருக்கிறது என்று அப்போதே தோன்றியது. மதுரையிலிருந்து எக்ஸ்ரே கருவியை வரவழைத்துப் படம் எடுத்தோம். உட்பக்க எலும்பு குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. வெளிப்பக்கத்து எலும்பு முழுதாக இருந்தது.

தார்ச்சாலையில் வண்டி இழுத்து ஓடினாலும் அவள் வேகம் ரஃபியனின் வேகத்தில் பாதிகூட இருந்திருக்காது. அந்த வேறுபாடுதான் ஒரு எலும்பைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். சாரதியின் கையும் காப்பாற்றியது. இரண்டு மின்கம்பத்தில் நிறுத்தினான்.

முழு மயக்கம் கொடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தேன். ரஃபியனின் விழிப்பு என் கண்ணில் நின்றது. நின்றபடியே லேசாகக் கிறங்கும் அளவுக்குச் சைலசின் ஊசி, வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து, இசிவு நோய்க்குத் தடுப்பு ஊசி. நான்கு அங்குல பிவிசி குழாயை நெடுக்காகப் பிளந்து, பஞ்சு சுற்றிய காலுக்கு அணை கொடுத்தோம். கணு தாழாமல் இருக்க வேண்டும் என்றால் குதிகால் உயர வேண்டும். பெரியவர் அன்று மாலையே உலை மூட்டினார். பின்பக்கம் மூன்று விரல் உயரத்துக்கு வளையம் வைத்த ஒரு லாடத்தை அடித்துக் கொண்டுவந்தார். நான் கரியால் தரையில் வரைந்து காட்டியதை அவர் ஒரு முறைதான் பார்த்தார். ஆணி அடித்தால் அதிரும் என்று, வார் போட்டுக் கட்டும்படி செய்திருந்தார். காலையில் நான் அவர் சொல்லைத் தட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பார்பரோவின் நல்ல கால் நினைவில் இருந்ததால் தென்னந்தோப்புக் கொட்டகையில் முழங்கால் ஆழத்துக்கு மணல் கொட்டினோம். மணல் குளம்பின் அடிப்பரப்பு முழுவதையும் தாங்கும். ஓரத்தில் மட்டும் எடை விழாது. தினமும் இரண்டு வேளை இடது குளம்பின் சூட்டையும் நாடியையும் பார்த்தேன். தானியத்தை நிறுத்திப் புல்லும் வைக்கோலும் மட்டும் கொடுத்தோம்.

இங்கே ஒரு பழைய செய்தி சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த நாட்டு அரசர்கள் கடல் வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போடுகிறார்கள், லாடம் அடிப்பவர்களை வணிகர்கள் இங்கே வர விடுவதில்லை என்று காரணமும் சொன்னார். நரியைப் பரியாக்கிய கதை பிறந்த ஊர் இது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்ட ஊர். அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைக் காண லட்சம் பேர் திரள்கிறோம். குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் அப்போதும் குறைவாக இருந்தார்கள், இப்போதும் குறைவாகத்தான் இருக்கிறார்கள்.

முதல் பத்து இரவுகள் கருப்பாயி படுக்கவே இல்லை. பதினோராம் இரவு படுத்தாள். எழும்போது உதைப்பாளோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரியவர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கழுத்தில் கை வைத்து, “பொறு ஆத்தா, பொறு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடியும் நேரத்தில் ஒரே மூச்சில், அணை போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் ஊன்றி எழுந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. வண்டியிலும் சந்தையிலும் மனிதக் கையிலும் பழகியவள். ரஃபியனுக்கு மூன்று வயதுதான், ஓடுவதைத் தவிர வேறெதுவும் அவளுக்குப் பழக்கப்படவில்லை.

எட்டாவது வாரம் குதிகால் வளையத்தை ஒரு விரல் குறைத்தோம். பன்னிரண்டாவது வாரம் இன்னொரு விரல். ஆவணி முடிவில் சாதாரண லாடத்தோடு தோப்புக்குள் நடந்தாள். கணு தடித்தே இருந்தது. மடக்கினால் முழுதாக மடங்காது. இனி வண்டி கட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். சொந்தக்காரருக்கு அதில் வருத்தம்தான், ஆனால் விற்கவில்லை.

2014 பங்குனியில் அவள் ஒரு பெண் குட்டி ஈன்றாள். மூன்று மாதம் கழித்து முதல் முறையாகக் குளம்பு சீவ என்னையும் வரச் சொன்னார் பெரியவர். குட்டி முரண்டு பிடித்தது. கருப்பாயி அதன் பக்கத்தில் வந்து நின்றதும் அடங்கியது. பெரியவர் அதன் வலது முன்னங்காலைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பற்றினார். நான் உள்ளங்கையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பி, புறங்கையைக் கணுவின் பின்புறம் வைத்தார். கால் குளிர்ந்திருந்தது.